வெள்ளி

எனக்கு ஹாக்கி தெரியாது.
எப்போது கைதட்டுவது என்பதைக்கூடப்
பக்கத்து இருக்கையைப் பார்த்துத்தான் செய்வேன்.
எனக்குத் தெரிந்தவை கட்டங்கள்.
ஈசூன் தொழிற்பேட்டையில் ஏழாவது மாடி,
ஏர்கான் சொட்டும் இடத்தில் ஒரு வாளி,
வாளிக்குப் பக்கத்தில் நான்,
சங்கத்தின் கணக்கர்,
பதினைந்து வருடமாக.

மாதக் கடைசியில் இரண்டு தாள்களைத் திறப்பேன்.
ஆண்கள் அணி: பயிற்சி நாளுக்கு ஐம்பது வெள்ளி.
பெண்கள் அணி: பயிற்சி நாளுக்கு முப்பது வெள்ளி.
முப்பதை நான் அடிப்பதில்லை.
கணினியே போட்டுக்கொள்ளும்.
விசில் வரும்வரை
குக்கரை யார் திறந்து பார்க்கிறார்கள்?

ஜூன் மாதம் பெண்கள் வெள்ளி வாங்கி வந்தார்கள்.
ஆண்கள் ஐந்தாம் இடம்.
பீஹூன், கறிபாப், ஒரு பெரிய பதாகை,
தலைவர் பேசும்போது பெயர்களை மாற்றிச் சொன்னார்,
ஹஸ்லிண்டாவை சியூ டிங் என்று,
சியூ டிங்கை யாரோ என்று.
மறுவாரம் தாளைத் திறந்தால்
தமிழ் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது:
பதக்கமும் வெள்ளி, காசும் வெள்ளி,
செயற்குழு கூடுகிற கிழமையும் வெள்ளி.
மூன்றில் ஒன்றைத்தான்
குறைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை அமிழ்தினி வந்தாள். கோல்காப்பாளர்.
வலது கட்டைவிரலில் மாவுக்கட்டு.
பலதுறை மருந்தகத்தில் இரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு,
கட்டைவிரல் இல்லாமல் ஊசி பிடிக்க முடியாது,
ஆறு வாரம் சம்பளமில்லா விடுப்பு.
எதையும் கேட்க வரவில்லை,
எக்ஸ்ரே ரசீதைக் கொடுக்க வந்தாள்.
எக்ஸ்ரே எடுத்தவர்கள்
அவளிடம் முழுக் காசு வாங்கியிருந்தார்கள்.

"அக்கா, இடது கையில கையெழுத்துப் போட்டா செல்லுமா?"
"செல்லும், போடு."
போட்டாள்.
முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்து போல
கட்டத்தை விட்டு வெளியே ஓடிப்போய்
அடுத்த வரிசையில் முட்டி நின்றது.
சிரித்தோம். அவள் லிஃப்டுக்குப் போனாள்.

அதன்பிறகுதான்
அந்த முப்பதின் மேல் முதன்முறையாகச் சொடுக்கினேன்.
ஐம்பது பெருக்கல் பூஜ்யம் புள்ளி ஆறு.
யாருடைய ஆறு இது?
பழைய பொருளாளரைத் திட்டத் தயாரானேன்,
செத்துப்போனவர், திருப்பிப் பேச மாட்டார்.
கட்டத்தின் மூலையில் சிவப்பாய் ஒரு சின்ன முக்கோணம்.
உள்ளே ஒரு குறிப்பு:
"தற்காலிகம். ஸ்பான்சர் கிடைக்கும்வரை. பு.கோ."

பு.கோ. நான்தான்.
புனிதவதி கோவிந்தராஜு,
பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு மார்ச் மாதம்.
பின்னால் யாரோ நின்று சொல்லச் சொல்ல அடித்திருக்கிறேன்.
அவர் முகம் நினைவில்லை,
சப்பாத்து கிறீச்சிட்டது நினைவிருக்கிறது.
அதற்குப்பின் ஸ்பான்சர் இரண்டு முறை வந்தார்.
இரண்டு முறையும் அந்தக் காசோலையை
வங்கியில் போட்டவளும் நான்.

ஆறாம் வகுப்பில் இருந்த அமிழ்தினிக்கு
அன்றைக்கே நான் விலை போட்டு வைத்துவிட்டேன்.

நான்கு தட்டு தட்டினால் அழிந்துவிடும்,
பெருக்கல் குறி, பூஜ்யம், புள்ளி, ஆறு.
தட்டிப் பார்த்தேன்.
முப்பது ஐம்பதாவதற்கு
இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை.
கீழே கூட்டுத்தொகை சிவந்தது.
பழையபடி ஆக்கினேன்.
எனக்கு அதிகாரம் இல்லை, பயமும் இருந்தது,
எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் கூட்ட நிரலைத் தட்டச்சு செய்வது என் வேலை.
ஏழாவது: ஏர்கான் பழுது.
எட்டாவது: பூஜ்யம் புள்ளி ஆறு. முன்மொழிபவர் பு.கோ.
அடித்துவிட்டு யோசித்தேன்.
ஏழாவது முடியும்போதே
பாதிப் பேர் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள்.
ஏர்கானை எட்டாவதாக்கினேன்.

வாளி இருக்கிறது.
சொட்டட்டும்.